பாட்டி பாடட்டும், பேரப்பிள்ளை கேட்கட்டும்!

மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போய் வந்தவர்களுக்கு இது தெரிந்த காட்சிதான். சாமி கும்பிட்டு, அன்னதானம் சாப்பிட்டு முடிந்ததும் நம் ஆட்கள் உடனே வீட்டுக்குக் கிளம்பிவிடுவதில்லை. பந்தல் ஓரத்திலும் மர நிழலிலும் கூடி நின்று ஒருவரை ஒருவர் உற்றுப் பார்க்கிறார்கள்.

"நீங்க கெமண்டோர் ஆளுதானே? எந்த லயம்?"

"ஆயாக்கொட்டகைக்குப் பக்கத்து லயம். எங்கப்பா ஸ்டோர்ல பால் நிறுத்தாரே, ஞாபகம் இல்லையா?"

"அடடே, நீ அவரு மகளா! ஒன்ன இடுப்புல தூக்கிட்டுப் போயி ஆயாகிட்ட விட்டது நாந்தான் தாயி!"

அப்புறம் அரை மணி நேரத்துக்குப் பேச்சு நிற்காது. யார் செத்தார், யார் வீட்டுப் பையன் படித்து உத்தியோகத்துக்குப் போனான் என்பதில் தொடங்கி, எந்தத் துரை நல்லவன், எந்தக் கிராணி நிறுவையில் குறைத்தான், ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கை எத்தனை விதமாகச் சமைத்தார்கள் என்பது வரை வந்துவிடும். பக்கத்தில் நிற்கும் பேரப்பிள்ளையோ கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு, "பாட்டி, போலாமா?" என்று சேலையைப் பிடித்து இழுக்கிறது. பேச்சு பாதியில் நின்றுபோகிறது. அடுத்த மாசி மகத்துக்கு அந்தப் பாட்டி வருவாரோ, மாட்டாரோ?

தொழிலாளர் பெருமக்களே! இன்று நாம் சொல்ல வந்தது இந்தப் பாதியில் நின்ற பேச்சைப் பற்றித்தான். ஒவ்வொரு தோட்டத்திலும், தோட்டம் கலைந்துபோயிருந்தால் அந்த ஆட்கள் குடியேறிய தாமானிலும், வருஷத்தில் ஒரே ஒரு நாளை இந்தப் பேச்சுக்கென்று ஒதுக்கக் கூடாதா? கட்டணம் வேண்டாம், டிக்கெட் வேண்டாம். பெரியவர்கள் கதை சொல்லட்டும், பாட்டுப் பாடட்டும். பிள்ளைகள் உட்கார்ந்து கேட்கட்டும். 'வாழும் வரலாற்று நாள்' என்று பெரிய பெயர் வைக்க விரும்புகிறவர்கள் வைத்துக்கொள்ளுங்கள். 'கதை நாள்' என்று சொன்னாலும் போதும்.

இதை ஏன் இப்போது சொல்கிறோம் என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். சயாம் மரண ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் போட்டு முடித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரம் ஆயிரமாய் நம் ஆட்களை லாரியிலும் கூட்ஸ் வண்டியிலும் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவர்கள் கொஞ்சம். வராதவர்களுக்குக் கல்லறை கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. 1943இல் பத்து வயசுப் பிள்ளையாக லயத்து வாசலில் நின்று, அப்பனை லாரியில் ஏற்றியதைப் பார்த்தவருக்கு 2023இல் வயசு தொண்ணூறு. அப்படிப்பட்டவர்கள் நம் மாநிலத்தில் இன்னும் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணி முடிக்கும் நிலைமை வந்துவிட்டது. அதே 1943இல்தான் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தார். பால்மரம் சீவின கையில் துப்பாக்கி ஏந்தி, ஜான்சி ராணி படையில் சேர்ந்த தோட்டத்துப் பெண்களும் இருந்தார்கள். அந்தத் தலைமுறையும் ஏறக்குறைய போய்விட்டது.

அடுத்த வரிசையில் இருப்பவர்கள் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தைச் சிறுவர்களாகப் பார்த்தவர்கள். லயத்தைச் சுற்றி முள்வேலி, இரவில் ஊரடங்கு. பல இடங்களில் வேலைக்காட்டுக்குச் சோற்றுப் பொட்டலம் எடுத்துப்போகக் கூடாது என்று வாசலிலேயே சோதனை. பசியோடு மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளுக்கு இன்று எழுபது, எண்பது வயசு. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று வந்தபோது, பிறந்து வளர்ந்த மண்ணை விட்டுக் கப்பல் ஏறின குடும்பங்கள் பல ஆயிரம். அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று பிரிந்தார்கள். அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். கேட்க ஆள்தான் இல்லை.

மலாக்கா மண்ணுக்கு இதில் தனிப் பங்கு உண்டு என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. நம் நாட்டின் முதல் ரப்பர்த் தோட்டம் எங்கே எழுந்தது? 1896இல் தான் சாய் யான் என்கிற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் பயிரிட்டார். பிறகு புக்கிட் அசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் பெருகியது. அவருக்கு யோசனை சொன்ன ரிட்லி துரையின் பெயரும் புத்தகத்தில் உண்டு. நியாயம்தான், அவர்கள் செய்தது பெரிய காரியம். ஆனால் அதற்குப் பின்னால் கங்காணி பேச்சை நம்பி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கிலோ கிள்ளான் துறைமுகத்திலோ இறங்கி, முகாமில் அடைபட்டுக் கிடந்து, ஜாசினுக்கும் அலோர் காஜாவுக்கும் வந்து சேர்ந்து நாற்பது, ஐம்பது வருஷம் அதே நிரையில் மரம் வெட்டி அங்கேயே மண்ணானவர்களின் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? பழைய செக்ரோலில் இருந்திருக்கும். அதையும் கரையான் தின்றிருக்கும்.

தோட்டங்களின் பெயராவது நிற்குமா என்றால், அதுவும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. கித்தாக்காடு செம்பனைக்காடாயிற்று. செம்பனைக்காடு வீடமைப்புத் திட்டமாயிற்று. லயங்களை இடித்துத் தள்ளிவிட்டுப் பூப்பெயரிலும் ராசிப்பெயரிலும் தாமான்கள் எழுந்தன. இன்று பல தோட்டங்களின் பெயரைத் தாங்கி நிற்பது தமிழ்ப்பள்ளிகள் மட்டும்தான். கெமண்டோர், டைமண்ட் ஜூபிலி, ஜாசின் லாலாங், புக்கிட் காஜாங், காடேக், சுங்கை பாரு என்று பள்ளியின் பெயர்ப்பலகையில் வாசிக்கிறோமே, அந்தப் பலகையைத் தாண்டி அந்தப் பெயருக்குள் என்ன இருந்தது என்று அங்கே படிக்கிற பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

இத்தனைக்கும் நாம் குடியிருப்பது சரித்திரத்தை வைத்தே பிழைக்கிற ஊர். 2008இல் மலாக்காவையும் பினாங்கு ஜார்ஜ் டவுனையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அன்றுமுதல் சுற்றுலா பஸ்கள் ஓயவில்லை. 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலின் வாசலில் நின்று வெளிநாட்டுக்காரர்கள் படம் பிடிக்கிறார்கள். நல்ல காரியம், நமக்கும் பெருமைதான். ஆனால் அந்தப் பட்டணத்திலிருந்து அரை மணி நேரம் பஸ்ஸில் போனால் வரும் லயத்து வீட்டுக்குப் பாரம்பரியம் என்று யார் பெயர் வைத்தார்கள்?

காஜா பேராங்கில் நம் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். மலாக்கா செட்டிகளைத்தான் சொல்கிறோம். சுல்தான்கள் காலத்தில் வியாபாரத்துக்கு வந்து தங்கிய தமிழர்களின் வழிவந்தவர்கள். தமிழ் பேச்சு அவர்களிடமிருந்து போய்ப் பல தலைமுறையாகிவிட்டது, வீட்டு மொழி மலாய். ஆனாலும் கோயிலை விடவில்லை, போகிக்கு முன்னோர்க்குப் படைப்பதை விடவில்லை. மலாய்க்காரர், பாபா, போர்த்துகீசியர் ஆகியோரோடு சேர்ந்து செட்டிகளும் பாடிவந்த டொண்டாங் சாயாங் பாட்டை 2018இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் ஏற்றது. வயலினும் ரெபானாவும் ஒலிக்க, எதிரெதிரே நின்று பந்துன் கட்டிப் பாடுகிற கலை அது. எதற்குச் சொல்கிறோம்? சில நூறு பேர் மட்டும் உள்ள ஒரு சமூகம், மொழி போன பிறகும் பாட்டையும் படையலையும் பிடித்துக்கொண்டு நின்றது. அவர்களைவிட நாம் பல மடங்கு பேர் இருக்கிறோம், தமிழும் நம் வாயில் இருக்கிறது. பாட்டு எங்கே போயிற்று?

பாட்டு போகவில்லை, ஐயா. கிழவிகள் நெஞ்சுக்குள்ளே இருக்கிறது. தூளி ஆட்டிக்கொண்டே பாடிய தாலாட்டில் மாமன் கொண்டுவரும் சீரில் ஊர்ப்பக்கத்து வெள்ளிக் கிண்ணமும் வரும், கோலாலம்பூர்ச் சட்டையும் வரும். விடியற்காலை இருட்டில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டுகிறவர்கள், இந்த நிரையிலிருந்து அந்த நிரைக்குத் தெம்மாங்கு போட்டுப் பதில் வாங்குவார்கள். அது வெறும் சந்தோஷத்துக்கு மட்டுமா? பாம்பும் பன்றியும் உலாவுகிற காட்டில், 'நான் இங்கே இருக்கேன், நீ அங்கே இருக்கியா' என்று கேட்டுக்கொள்கிற வழியும் அதுதான். கங்காணியைக் கிண்டல் பண்ணுகிற பாட்டு, கள்ளுக்கடையில் கூலியைத் தொலைத்த புருஷனைத் திட்டுகிற பாட்டு, கும்மிப்பாட்டு, நடவுப்பாட்டு. மலாக்காத் தோட்டத்தில் நெல் ஏது, நடவு ஏது என்று கேட்கிறீர்களா? ஊரிலிருந்து அம்மா கொண்டுவந்ததை மகள் லயத்திலே பாடினாள், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லிவைக்கிறோம். ஒப்பாரியை மேடையில் ஏற்றிப் பாடச் சொல்லாதீர்கள். "நல்ல நாளும் அதுவுமா, இழவு வீட்டுப் பாட்டைப் பாடச் சொல்றியே, வெளங்குமா?" என்று பாட்டி எழுந்து போய்விடுவார். போவதும் சரிதான். ஆனால் நம் பெண்கள் சொந்தமாகக் கட்டிய பாட்டில் சத்தானது ஒப்பாரிதான். சயாமுக்குப் போய் வராத புருஷனைப் பற்றி, உடம்பைக்கூடப் பார்க்காமல் பாடிய ஒப்பாரிகளில் ஒரு பெரிய சரித்திரமே இருக்கிறது. வேறொரு நாள், வீட்டுத் திண்ணையில், பக்கத்தில் பேத்தி மட்டும் இருந்து பக்குவமாகக் கேட்டால் பாட்டாக இல்லாவிட்டாலும் வசனமாகச் சொல்லுவார். அதைச் சத்தமில்லாமல் பதிவு செய்யுங்கள், அவர் சம்மதித்தால் மட்டும்.

ஆண்கள் பக்கம் கூத்து. தோட்டத் திருவிழாவில் விடிய விடிய அரிச்சந்திரன் நாடகம் போட்ட காலம் ஒன்று இருந்தது. பகலில் மங்கு துடைத்த கை, ராத்திரியில் மயானக் காவலுக்குத் தடி பிடித்தது. காமன் கூத்து, மதுரை வீரன் கதை, பொன்னர் சங்கர் கதை, நல்லதங்காள் கதை எல்லாம் உண்டு. நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் போடுகிற இடம் வந்தால் லயமே அழும். ஆர்மோனியப் பெட்டி வாசித்தவர் கடைக்குட்டி கிராணியாக இருப்பார், பின்பாட்டுக்காரர் தண்டலாக இருப்பார். இன்றைய வாலிபர்கள் உறுமி மேளத்தைக் கையில் எடுத்துக்கொண்டிருப்பது மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஊருக்கு ஊர் குழு வைத்திருக்கிறார்கள். அந்தத் தம்பிகளிடம் ஒரு வார்த்தை: தாத்தா காலத்தில் தப்பு அடித்தவர் உங்கள் பழைய தோட்டத்தில் இருந்தால், அவரை அழைத்து முதல் வரிசையில் உட்கார வையுங்கள். எந்தச் சாவுக்கு எந்த அடி, எந்தச் சாமிக்கு எந்த அடி என்பது அவருக்குத்தான் தெரியும். மேள அடியைச் சொல்லிக்கொடுத்தவரை ஒரு காலத்தில் லயத்தின் கடைசி வீட்டில்தான் வைத்திருந்தோம் என்பதும் சரித்திரம்தான். அதையும் மறைக்க வேண்டாம்.

மறைக்கக் கூடாதவை இன்னும் இருக்கின்றன. கதை நாள் என்றதும், 'அந்தக் காலம் பொற்காலம்' என்று பாடிவிட்டுப் போவதற்குச் சிலர் வருவார்கள். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம், ஒரே கோயிலில் கும்பிட்டோம், ஒற்றுமையாக இருந்தோம் என்பார்கள். இருந்தோம், உண்மைதான். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து சோறாக்கி, பிள்ளையை ஆயாவிடம் போட்டுவிட்டு, மரம் வெட்டி, காண்டாவில் பால் சுமந்து, மாலையில் துணி துவைத்து, ராத்திரியில் குடித்துவிட்டு வந்தவனிடம் அடியும் வாங்கிய பெண்களுக்கு அது எந்தக் காலம் என்று அவர்களையே பேசவிட வேண்டும். சங்கம் வைத்துக் கேட்டதனால் வந்த மாற்றங்களையும் பேச வேண்டும். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது முதல் சந்தா கட்டியவர்கள், 1960இல் சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்துக்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மாசாமாசம் பணம் கட்டியவர்கள் இன்னும் ஓரிருவர் இருந்தால், அந்தத் துண்டு ரசீதைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இனி, நாம் வழக்கமாகச் செய்கிற ஒரு தப்பு. சில வருஷங்களுக்கு முன் ஒரு தோட்டத்து விழாவுக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம். 'முன்னோடிகளுக்கு மரியாதை' என்று நோட்டீஸில் போட்டிருந்தது. ஏழு மணிக்குத் தொடங்கவேண்டிய விழா, பிரமுகர் வரத் தாமதம் என்று எட்டரைக்குத் தொடங்கியது. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, திறப்புரை. ஒவ்வொரு உரைக்கும் ஒரு பொன்னாடை. எண்பத்தாறு வயசுப் பாட்டி ஒருவர், எட்டுக் கதை மனப்பாடமாகத் தெரிந்தவர், முன்வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து தூங்கிவிட்டார். பத்தேமுக்காலுக்கு எழுப்பி, மேடையில் ஏற்றி, பழக்கூடை கொடுத்து, படம் பிடித்து, இறக்கிவிட்டார்கள். ஒரு வார்த்தை பேசச் சொல்லவில்லை. மறு வருஷம் அவர் இல்லை.

ஆகவேதான் 'இலவசம்' என்பதை அழுத்திச் சொல்கிறோம். பணம் கொடுத்தவர் பேசியே தீருவார். செலவே இல்லாமல் செய்தால் யாருக்கும் கடன்பட வேண்டியதில்லை. கோயில் மண்டபமோ பள்ளித் திடலோ போதும். பாய் விரித்தால் நாற்காலி வாடகை மிச்சம். சாப்பாட்டைக் கூட்டாகச் சமைக்கலாம், அதுவே ஒரு பாடம்: ஜப்பான் காலத்து மரவள்ளிக்கிழங்கை ஒரு வேளை பிள்ளைகளுக்குப் பசியாறக் கொடுத்துப் பாருங்கள், ஆயிரம் பிரசங்கம் செய்யாததை அது செய்யும். வீட்டுப் பரண்களில் கிடக்கும் உளி, மங்கு, வாளி, பழைய சம்பளச் சீட்டு, சிவப்பு அடையாளக்கார்டு, வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு எல்லாவற்றையும் ஒரு மேசையில் வையுங்கள். கண்ணாடிப் பெட்டி வேண்டாம், பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். உளியைக் கையில் கொடுத்தால் கிழவர் தானாகவே எழுந்து நின்று, பட்டையை எவ்வளவு ஆழம் சீவினால் மரம் பிழைக்கும் என்று காட்டத் தொடங்கிவிடுவார். கேள்வி கேட்கவேண்டிய அவசியமே இருக்காது.

கேட்பதாயிருந்தால், 'உங்கள் வாழ்க்கை அனுபவத்தைக் கூறுங்கள்' என்று கேட்காதீர்கள். "என்னத்தச் சொல்றது, பொறந்தோம், வளந்தோம், மரம் வெட்டுனோம்" என்று முடித்துவிடுவார். "பெரட்டுக்கு நேரமாயிட்டா என்ன பண்ணுவாங்க, தாத்தா?" "மழ வந்து பாலெல்லாம் போயிட்டா அன்னிக்குக் கூலி உண்டா?" "மொதச் சம்பளத்துல என்னா வாங்குனீங்க, பாட்டி?" இப்படிக் கேளுங்கள். ஒவ்வொரு பதிவிலும் பெயர், தோட்டம், டிவிஷன், தேதி நான்கையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இருபது வருஷம் கழித்து யார் குரல் என்றே தெரியாது. ஒரு பிரதி குடும்பத்திடம், ஒன்று பள்ளியில், ஒன்று கோயில் நிர்வாகத்திடம் இருக்கட்டும். பத்திரிகையை மட்டும் நம்பி இருக்காதீர்கள். 1924இல் தொடங்கிய தமிழ் நேசனே 2019இல் நின்றுபோனது. தேசியப் பள்ளியில் படித்துத் தமிழ் வாசிக்க வராத பேரப்பிள்ளைகளும் நம் பிள்ளைகள்தான், அவர்களுக்கு மலாயில் எடுத்துச் சொல்ல ஒரு அக்காவோ அண்ணனோ பக்கத்தில் இருக்க வேண்டும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு இலங்கையைக் காட்டுவோம். மலையகத்தில், கம்பளைக்குப் பக்கத்தில், பழைய லயத்து அறைகளையே 2007இல் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக மாற்றினார்கள். நம்மைவிட வசதி குறைந்த மக்கள் அவர்கள். மொரீஷியஸில் ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கிய நவம்பர் 2ஆம் நாளைப் பொது விடுமுறையாகவே வைத்திருக்கிறார்கள், இறங்கிய படிக்கட்டு 2006இல் உலகப் பாரம்பரியப் பட்டியலுக்குப் போய்விட்டது. அவ்வளவு தூரம் போவானேன்? 1952இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழர் திருநாள், கொஞ்ச காலத்தில் மலாயாப் பட்டணங்களுக்கும் தோட்டங்களுக்கும் பரவவில்லையா? பேச்சுப் போட்டி, பாட்டுப் போட்டி, நாடகம் என்று லயத்துப் பிள்ளைகள் மேடை ஏறினது அப்போதுதான். அரசாங்கமா வந்து நடத்தியது? வாலிபர் மன்றத்துப் பையன்கள் உண்டியல் குலுக்கி நடத்தினார்கள்.

இன்னொன்று. நாம் விட்டுவந்த லயங்களில், இடிபடாமல் நிற்பவற்றில், இன்று குடியிருப்பவர்கள் யார்? இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். ஏஜெண்டுக்குக் கடன்பட்டு, வீட்டை விட்டு, நம் தாத்தா வந்த மாதிரியே வந்தவர்கள். கதை நாளுக்கு அவர்களையும் கூப்பிடுங்கள். கூப்பிட்டு ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கள்.

நாள் எது என்பதில் சண்டை வேண்டாம். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வெளியூர் போனவர்களெல்லாம் எப்படியும் வருகிறார்கள். மஞ்சள் நீராட்டுக்கு மறுநாளை வைத்துக்கொள்ளலாம். திருவிழா நின்றுபோன தோட்டத்தார் மே முதல் நாளை எடுத்துக்கொள்ளட்டும், அது நம் நாள், எல்லாருக்கும் லீவு. காலையிலேயே வைத்துவிடுங்கள். பெரியவர்களுக்கு மத்தியானம் மருந்து சாப்பிட்டதும் அசதி வந்துவிடும், சாயந்திரம் குரல் எழும்பாது. கோயில் கூட்டத்தில் வரவு செலவு வாசித்து முடிந்ததும், "வேறு விஷயம் உண்டா?" என்று தலைவர் கேட்பார் அல்லவா, அப்போது கையைத் தூக்குங்கள்.